கழுதைக் காலும் ஒரு செங்கல்லும்

மே 16, வியாழன்

அம்மா சனிக்கிழமை வருகிறாள். பழனி, ஊட்டி தாண்டிப் போகாதவள் தனியாக இரண்டு விமானம் மாறி ஜெர்மனிக்கு வருகிறாள். கோபிச்செட்டிப்பாளையம் மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை அவளுக்கு. சேர்த்து வைத்திருந்த விடுப்பையெல்லாம் மொத்தமாக எடுத்துவிட்டாள். திடீரென்று எதற்கு என்று கேட்டால், "ஊரு பாக்கத்தான் கண்ணு. நீ அங்க இருக்கறப்பவே பாத்தாத்தானே ஆச்சு" என்கிறாள்.

எந்த நாள் எங்கே போவது என்று எக்செல்லில் ஒரு திட்டம் போட்டுவிட்டேன். ஆராய்ச்சிக் கட்டுரை பாதியில் நிற்கிறது. அதற்கு எக்செல் போடவில்லை.

மாலை அறையை ஒழுங்குபடுத்தினேன். பக்கத்து அறை ரீகனின் சார்ஜர், இரண்டு சட்டை, ஷேவிங் சாமான், அவன் போர்வை எல்லாவற்றையும் அவன் அறைக்கு மாற்றினேன். என் அறையில் இடம் அதிகம் என்பதால்தான் அவை இங்கே இருந்தன.

வீட்டைப் பகிர்ந்துகொள்வது யார் என்று அம்மா கேட்டபோதெல்லாம் "தூத்துக்குடிப் பிள்ளை" என்றுதான் சொல்லியிருக்கிறேன். பிள்ளை என்றால் ஆண், பெண் இரண்டும்தானே.

மே 18, சனி

வந்துவிட்டாள். ப்ரேமன் விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளுடன் நின்றாள். ஒன்றில் முறுக்கு, ஊறுகாய், தேங்காய்ப் பொடி. இன்னொன்று முழுக்கக் காலி.

"காலிப் பெட்டி எதுக்கும்மா?"

"போறப்ப வேணுமில்ல?"

கதவைத் திறந்த ரீகனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஆறடி உயரம், தாடி.

"இதுதான் அந்தத் தூத்துக்குடிப் பிள்ளையா?"

"வாங்க ஆன்ட்டி, பிரயாணம்லாம் சவுரியமா இருந்துச்சா?" என்று அவன் பெட்டியை வாங்கிக்கொண்டு தன் அறைக்குள் தப்பித்துப் போனான். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குளித்துவிட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். தேடினால் நிலவறையில் நிற்கிறாள், மீட்டர் பெட்டிகளுக்கு முன்னால். கீழ்வீட்டுக்காரர் திகைத்துப் போய்ப் பக்கத்தில் நிற்கிறார். "இவரு மீட்டரு ஓடற வேகத்துக்கு வீட்டுல என்னமோ லீக்கேஜ் இருக்குது. சொல்லு கண்ணு" என்றாள். மொழிபெயர்த்தேன். அவர் நன்றி சொன்னார்.

மே 19, ஞாயிறு

முதல் நாள் ஊர் சுற்றல். நகர மண்டபத்தின் ஓரத்தில் இருக்கும் வெண்கலச் சிலையிலிருந்து தொடங்கினோம். கழுதை மேல் நாய், நாய் மேல் பூனை, பூனை மேல் சேவல். கழுதையின் முன்னங்கால்கள் ஆயிரக்கணக்கான கைகள் பட்டுப் பட்டுத் தங்கமாக மின்னும்.

ரீகனும் வந்திருந்தான். வழிகாட்ட ஆள் வேண்டுமே. "ரெண்டு கையாலயும் ரெண்டு காலைப் பிடிச்சு நெனச்சா நடக்குமாம் ஆன்ட்டி. ஒத்தக் கையால பிடிச்சா, ஒரு கழுத இன்னொரு கழுதைக்குக் கை குடுக்குன்னு இந்த ஊர்க்காரவுக கேலி பண்ணுவாக."

அம்மா இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முட்டியிலிருந்து குளம்புவரை தடவினாள். குளம்பின் அடியை விரலால் சுரண்டினாள். பின்னால் ஜப்பான்காரர்கள் ஒரு பேருந்து நிறையக் காத்திருந்தார்கள்.

"ம்மா, போட்டோ எடுக்கறேன், கண்ணைத் தொற."

"போட்டோ எதுக்கு? இந்த முட்டி மட்டும் சில்லுன்னு இல்ல பாரு, எல்லாரும் தொட்டுத் தொட்டு வெதுவெதுன்னு இருக்குது."

வெயில் பட்டதால்தான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

மே 20, திங்கள்

சமையலறையில் அலுமினியத் தாள் சுருளைக் காணோம். ரீகன் எடுக்கவில்லையாம். நானும் எடுக்கவில்லை.

மே 21, செவ்வாய்

அம்மா காலையில் தனியாகவே கிளம்பிப் போய்த் திரும்பிவிட்டாள். தூக்குச்சட்டிக்குள் ஏதோ பத்திரமாக வைத்து மூடினாள். திறந்து பார்த்தேன். அலுமினியத் தாளை மடித்து மடித்துத் தடிமனாக்கி, கழுதையின் முட்டியில் வைத்து அழுத்தி, அச்சு எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே நசுங்காமலிருக்கப் பஞ்சு வேறு.

"யாராவது பாத்தாங்களா?"

"பாத்தாங்க. ஒரு பாட்டியம்மா தாளோட அந்த முனையப் புடிச்சுக் குடுத்துச்சு."

மாலை நினைவுப்பொருள் கடைக்குக் கூட்டிப் போனேன். சித்திகளுக்கும் மாமாவுக்கும் அவள் ஆபீசுக்கும் சேர்த்து ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தங்கள் வாங்கினால் வேலை முடிந்தது என்பது என் திட்டம். நான் இங்கே வந்ததிலிருந்து போன ஊரிலெல்லாம் ஒன்று வாங்கியிருக்கிறேன், மொத்தம் பத்தொன்பது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"எல்லாம் ஒரே வழவழன்னு இருக்குது கண்ணு. பாரிசும் ரோமும் ஒண்ணாட்டவே இருக்குது."

"படம் வேற வேறயா இருக்கே!"

"படம் கெடக்குது போ."

கடைசியில் ஒன்றும் வாங்கவில்லை. வெளியே பழைய சுவரைப் புதுப்பித்துக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய், சைகையிலேயே பேசி, உடைந்த செங்கல் ஒன்றை வாங்கிக்கொண்டாள். கைக்குழந்தை எடை இருக்கும். அவர் அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். நான் எதிர்க் கடைக்காரி போல நின்றுகொண்டேன்.

மே 23, வியாழன்

சந்தைச் சதுக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வெண்கல மூடி உண்டு. நடுவில் இருக்கும் துவாரத்தில் காசு போட்டால் அடியிலிருந்து ஒரு மிருகம் கத்தும். அடுத்த காசுக்கு வேறு மிருகம். விழுகிற காசெல்லாம் தர்மத்துக்குப் போகும்.

அம்மா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, போனை மூடிமேல் வைத்து ஒலிப்பதிவு செய்தாள். கழுதை வந்தது. நாய் வந்தது. பூனை வந்தது. சேவல் வரும் நேரம் பார்த்து ஒரு குழந்தை வீறிட்டது. "மறுக்காப் போடு" என்றாள். என் பையிலிருந்த சில்லறை முழுக்கக் குழிக்குள் போயிற்று. அந்த வழியாக என் பேராசிரியர் வந்தார். வணக்கம் சொன்னார். அம்மா அவரிடம் "உஷ்ஷ்" என்றாள்.

காலையில் நான் எழுவதற்கு முன் அம்மா சமையலறையில் யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள். தினமும். கேட்டால் சித்தி என்கிறாள். சித்தியை "வாங்க, சொல்லுங்க" என்று எப்போதிலிருந்து கூப்பிடுகிறாள்?

மே 25, சனி

கடற்கரைக்குப் போனோம். அலை இல்லை, சேறுதான். அணைக்கரை நெடுக ஆடுகள். அம்மா கம்பி வேலியில் சிக்கியிருந்த ஆட்டு ரோமத்தைப் பொறுக்கிப் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். மோந்து பார்த்தாள். "நம்மூரு ஆட்டு வாசம் இல்ல. உப்பு வாசம் அடிக்குது" என்று ரொம்பத் திருப்தியாகச் சொன்னாள்.

கடலை ஒருமுறைகூடப் படம் எடுக்கவில்லை. காற்றைத்தான் பதிவு செய்தாள்.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. தனியாக இருந்து இருந்து இப்படி ஆகிவிட்டாளோ என்று ரீகனிடம் கேட்டேன். "ஆன்ட்டி நல்லாத்தான் இருக்காக. நீ ஒழுங்கா காதத் தொறந்து கேளு" என்றான். என்னத்தைக் கேட்பது?

மே 28, செவ்வாய்

துணி துவைத்தேன். குப்பை பிரித்தேன். கட்டுரையில் ஒரு பத்தி எழுதி, அதை அழித்தேன்.

சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அந்தப் பையன் உன் ரூமுக்குள்ள வந்து லைட்டு போட்டான் பாத்தியா, நேத்து?"

"ஏணி எடுக்க வந்தான்."

"சுவிட்சு பீரோவுக்குப் பொறத்தால இருக்குது. நான் வந்து பத்து நாளாச்சு, இன்னும் தடவித்தான் போடறேன். அவன் அந்தப் பக்கம் திரும்பாமயே போட்டான்."

"எல்லா அறையும் ஒரே மாதிரி கட்டியிருப்பாங்கம்மா."

"அப்புடியா? அவன் ரூமுல கதவுக்கிட்டத்தானே இருக்குது."

மீட்டர் பார்க்கிற ஆளிடம் பொய் சொல்லக் கூடாது. நான் சொன்னது பொய்யும் அல்ல. ரீகன் பொதுவாகவே கவனமான ஆள்.

ஜூன் 1, சனி

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

முன்ஸ்டர் போயிருந்தோம். பேராலயத்துக்கு முன்னால் சனிக்கிழமைச் சந்தை. அங்கே இடுப்பளவு மேடையில் நகரத்தையே சின்னதாக வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள். கோபுரம், வீதி, வீடு எல்லாம் விரல் உயரம். பார்வையில்லாதவர்கள் தொட்டு ஊரைத் தெரிந்துகொள்வதற்காக. தெருப் பெயர்கள் புள்ளி எழுத்தில் இருக்கும்.

அம்மாவை அங்கே விட்டுவிட்டு உருளைக்கிழங்கு அடை வாங்கப் போனேன். வரிசை நீளம். திரும்பி வந்தால், அம்மா கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஊரைத் தடவுகிறாள். போன் கோபுரத்தில் சாய்ந்து நிற்கிறது, ஸ்பீக்கரில்.

"இப்ப என் வெரலு கோயில் கோபுரத்து மேல இருக்குதுங்க. ரெட்டைக் கோபுரம். பச்சக் கலராட்டம் இருந்துச்சு. சரி சரி, கலரு வேண்டாம். கூரை சரிவா எறங்குது... இப்பத் தெருவுல எறங்கிட்டேன்..."

"மெதுவாப் போங்க, விழுந்துறப் போறீங்க" என்றது போன்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். சின்ன வயதில் மின்சாரம் போகும்போதெல்லாம் நான்தான் புகார் எண்ணுக்கு அழைப்பேன். "கால் மணி நேரத்துல வந்துரும் அம்மணி, இருட்டுல ஓடாதே" என்று சொல்லும் குரல். அம்மா ஆபீசின் திருமூர்த்தி. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவர்.

அம்மா சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்று எழுத வந்தேன். பார்த்திருக்கிறேன். இரண்டு வாரமாகக் காலையில் சமையலறையில் சிரிக்கிறாள். நான்தான் சித்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அடை ஆறிப்போயிற்று. கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்தாள். போனிடம் "பொறகு பேசறனுங்க" என்றாள். ரயிலில் நாங்கள் இருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். அவள் பக்கத்து ஜன்னலை அவள், என் பக்கத்து ஜன்னலை நான்.

ஜூன் 2, ஞாயிறு

எனக்குக் கோபம் எதுவுமில்லை. குளியலறை ஓடுகளுக்கு நடுவில் இருந்த கறையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிரஷ் ரீகனுடையது.

ஜூன் 3, திங்கள்

அம்மாதான் ஆரம்பித்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம்.

"நேருல சொல்லோணும்னுதான் வந்தேன். ஒவ்வொரு நாளும் சொல்லலாம்னு நெனைப்பேன். நீ எக்செல்லைக் காட்டி இழுத்துட்டுப் போயிருவே."

"எத்தனை வருஷமா?"

"மத்தியானச் சோறு ஒட்டுக்கா உங்கறது பல வருஷமா. மத்தது போன தீவாளிக்கு மேல. ரிஜிஸ்டர் ஆபீசுல இந்த மாசம் பதினேழாந் தேதி குடுத்துருக்காங்க."

கையில் கத்தி இருந்ததால் கீழே வைத்தேன். "ஊர்ல என்னம்மா சொல்லுவாங்க?"

"எந்த ஊருல? நீ இருக்கற ஊருலயா, நான் இருக்கற ஊருலயா?"

"விளையாடாதே."

"ஊருல கரண்டு போனா அத்தன பேரும் அவருக்குத்தான் கண்ணு போன் போடுவாங்க. அவரைப் பத்திப் புகார் சொல்லோணும்னாலும் அவருதான் எடுக்கோணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. "அப்பா?" என்றேன்.

அம்மாவின் முகத்திலிருந்து குறும்பு போய்விட்டது. "உங்கப்பா போட்டோ அதே எடத்துலதான் இருக்கும். காலையில பூ வெக்கறதும் நிக்காது. இதை அவருக்கிட்டயும் சொல்லிப்போட்டேன். நீ வேண்டாமுன்னு சொன்னீன்னா எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும் சாமி."

"நிறுத்திருவியா?"

வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே தலையை இல்லை என்று ஆட்டினாள். "வருத்தமா இருக்கும்னுதான் சொன்னேன்."

நான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அது அவள் படுக்கிற அறையும் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் சோபாவிலேயே தூங்கினாள். ரீகன் என்னோடு பேசவில்லை. அவன் எதற்குப் பேசாமல் இருக்க வேண்டும்?

ஜூன் 4, செவ்வாய்

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்க் கட்டுரையைத் திறந்து வைத்துவிட்டு, கோபி மின்வாரியப் புகார் எண்ணை அழைத்தேன். இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

"வணக்கம், மின்தடைப் புகாருங்க. எந்த ஊருங்க?"

"ப்ரேமன்."

"அங்கயும் கரண்ட் போயிருச்சுங்களா?"

நாலு கேள்வியும் மறந்து போயிற்று. "எங்கம்மாவுக்குக் கோபம் வரும், தெரியுமா?" என்றேன்.

"தெரியும் அம்மணி. டிபன் டப்பா மூடியை வெக்கற சத்தத்துலயே தெரியும்."

"குறட்டை விடுவாங்க."

"அது தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "தெரிஞ்சிருக்கவும் கூடாது இல்லீங்களா?"

வாயைப் பொத்திக்கொண்டேன். நூலகத்தில் சிரித்தால் முறைப்பார்கள். அவர் காத்திருந்தார். அடுத்த அழைப்பு ஒன்று பக்கத்தில் அடித்து ஓய்ந்தது.

"உங்களுக்கு இங்கிருந்து என்ன வேணும்?" என்று கேட்டேன். எப்படி அந்தக் கேள்வி வந்தது என்று தெரியவில்லை.

"உங்கம்மா ஊரையே பேத்துக் கொண்டாந்துட்டு இருக்குது. ஆனா அது டூரிஸ்ட்டு. பாக்கற எடத்தைத்தான் கொண்டாரும். நீ தெனமும் வீட்டுக்குப் போற வழி இருக்குதில்ல, அது எப்புடி இருக்கும்? அதை வேணா அனுப்பு. உங்கம்மா உன்னைப் பத்திப் பேசாத நாளில்லை. நீ எந்த வழியில நடக்கறேன்னு தெரிஞ்சா எனக்குப் பேச்சுல கலந்துக்க ஆகும்."

சாயந்திரம் போனைச் சட்டைப்பையில் ஒலிப்பதிவில் போட்டுக்கொண்டு நடந்தேன். இரண்டு வருடமாகப் போகிற வழி. டிராம் வளைவில் கிறீச்சிடுவதும், பாலத்துக்கு அடியில் என் காலடிச் சத்தம் இரட்டிப்பதும், ரொட்டிக் கடைக்காரி எல்லோரிடமும் பாட்டாக "ட்ச்சூஸ்" என்று விடை சொல்வதும் இன்றைக்குத்தான் காதில் விழுந்தன. முன்ஸ்டர் காந்தம் என்னிடம் இருக்கிறது. இந்தத் தெருவிலிருந்து என்னிடம் ஒன்றுமே இல்லை.

வீட்டு வாசலில் பதிவை நிறுத்தி அனுப்பினேன். நிறுத்தியது வாசலில் அல்ல, உள்ளே போன பிறகுதான் என்பது அவர் பதிலில் தெரிந்தது.

"எல்லாம் தெளிவாக் கேட்டுச்சு அம்மணி. டிராமு, பாலம், கடை. கடைசில கதவு தொறந்து, 'வந்துட்டியா என் செல்லக்குட்டி'ன்னு ஒரு ஆம்பளக் குரலும் கேட்டுச்சு. தூத்துக்குடிப் பக்கமுங்களா? நான் ஆருகிட்டயும் சொல்லலை."

ரீகன் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவான். கீழ்வீட்டு நாயைக்கூட.

அம்மா சோபாவில் உட்கார்ந்து செங்கல்லைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே.

ஜூன் 5, புதன்

விமான நிலையம். பெட்டியைத் தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். எடை கூடுதல். குறைக்க வேண்டும்.

அம்மா அங்கேயே தரையில் பெட்டியைத் திறந்தாள். நான் செங்கல்லை எடுக்கப் போனேன். கையில் அடி விழுந்தது. நாலு புடவையை எடுத்து ரீகன் கையில் போட்டாள். செருப்பு. குளிர்கோட்டு. மறுபடி தராசு. இன்னும் கூடுதல். துண்டும் சீப்புப் பையும் போயின. ரீகன் கைநிறையத் துணியோடு கொடிக்கம்பி மாதிரி நின்றான்.

கவுண்டர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். செங்கல், ஆற்றுக் கூழாங்கற்கள், ஆட்டு ரோமம், அரைக்காத காப்பிக்கொட்டை, தூக்குச்சட்டிக்குள் அலுமினிய முட்டி. "ஏதாவது ஆராய்ச்சிக்கா?" என்று ஜெர்மனில் கேட்டாள்.

"இல்லை. பரிசு."

"இதெல்லாமா? யாருக்கு?"

பதில் சொல்ல ஜெர்மனில் எனக்குப் பல சொற்கள் தெரியும். தெரிந்தவர், அலுவலக நண்பர், குடும்ப நண்பர். மூன்றுமே வாய்வரை வந்தன. அம்மா பெட்டியின் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"ஃப்யூர் ஈரன் மன்" என்றேன். அவளுடைய கணவருக்கு.

"அவருக்குப் பார்வை இல்லை. தொட்டுப் பார்ப்பார்" என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு நிமிடம் பெட்டியையே பார்த்தாள். பிறகு தராசின் எண்ணைப் பார்க்காமல் சீட்டை ஒட்டிப் பெட்டியை உள்ளே தள்ளினாள். ரீகன் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தானா அழுதானா தெரியவில்லை.

அம்மா என் முழங்கையை இடித்தாள். "என்ன சொன்னே அவகிட்ட? மண்ணுன்னு என்னமோ காதுல விழுந்துச்சு."

"ஆமாம்மா. மண்ணுன்னுதான் சொன்னேன்."

"கல்லைப் போய் மண்ணுங்கறே. ரெண்டு வருசமா இங்க என்னத்தைப் படிச்சே?"

ரீகனின் கன்னத்தைத் தட்டி, "சீலையெல்லாம் மடிச்சு வெய்யி. அவ ரூமுலயே வெய்யி, உனக்குத்தான் எடம் தெரியுமே" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள். நடக்கும்போதே போனை எடுத்துவிட்டாள். "கல்லெல்லாம் பத்திரமுங்க. ஆமாங்க, கவுசிதான் என்னமோ மண்ணு கிண்ணுன்னு பேசி ஏத்தி உட்டா..." அந்தப் பக்கம் அவர் சிரிப்பது, கண்ணாடிக் கதவு மூடும்வரை ஸ்பீக்கரில் கேட்டது.

நான் கூப்பிட்டுத் திருத்தவில்லை. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று ரீகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். விமான நிலையத்தில் அப்போது எங்களையும் சேர்த்து ஏழெட்டுப் பேர் இருந்தோம்.